லட்சக்கணக்கில் பெருகியவை எந்தக் காட்டெருமைகள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் புல்வெளியில் காட்டெருமைகள் மறுபடியும் லட்சக்கணக்கில் பெருகிவிட்டதாக ஞாயிறு மலரில் படித்தேன். பதினோரு ஆண்டுகளாகத் தெற்கு டகோட்டாவில் இருப்பவள் என்பதால் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். அவற்றில் சுமார் 4 லட்சம், இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்பவை. காட்டு இனமாகக் காக்கப்படும் மந்தைகளில் இருப்பவை 20 ஆயிரம் சொச்சம்தான்.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் விண்ட் கேவ் தேசியப் பூங்கா. அதை ஒட்டியே கஸ்டர் மாநிலப் பூங்கா; நடுவே கம்பி வேலி. போன மே மாதம் போனபோது, ஏதோ ஒரு காளை உரசிவிட்டுப் போன குளிர்கால ரோமம் கம்பியில் கொத்தாகத் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன். மேலே முரடு, உள்ளே பஞ்சு. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மேய்ந்தவை பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் கஸ்டர் மந்தையில் வளர்ப்பு மாட்டின் மரபணு கலந்திருப்பது பரிசோதனையில் தெரியவந்த விஷயம்.

1880களின் கடைசியில் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்ட இனம் இது. மிஞ்சியவற்றைப் பிடித்து வளர்த்த பண்ணைக்காரர்கள் சிலரே அவற்றை மாட்டோடு கலந்தார்கள், குளிர் தாங்கும் இறைச்சி மாடு கிடைக்கும் என்று. தாய்வழியாக இறங்கிய அந்தக் கலப்பு இன்றும் சில மந்தைகளில் இருக்கிறது. அப்படிப்பட்டவை எடையில் குறைவாக இருப்பதையும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

விண்ட் கேவ் மந்தையின் வேர் 1913இல் நியூயார்க் விலங்குக் காட்சி சாலையிலிருந்து வந்த 14, 1916இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து வந்த 6. கலப்பே இல்லாதது என்று வெகுகாலம் நம்பப்பட்ட மந்தை. 2022இல் வெளியான ஆய்வு, இங்கும் யெல்லோஸ்டோனிலும்கூட மாட்டு மரபணுவின் சிறு தடயம் இருப்பதாகச் சொன்னது. "அப்புறம் எதற்கு இந்த வேலி?" என்று பக்கத்து வீட்டுப் பண்ணைக்காரர் கேட்டார். எள்ளளவு கலந்துவிட்டது என்பதற்காக மரக்கால் கணக்கில் கொட்டலாமா? வேலி இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. பெரும்பாலான மந்தைகள் சில நூறோடு, தனித்தனித் தீவாக அடைபட்டுக் கிடக்கின்றன. மரபணு வளம் வற்றாமல் இருக்க ஒரே மந்தையில் ஆயிரமாவது வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். அதற்கு மேய நிலம் வேண்டும். பரிசோதித்துத் தேர்ந்த விலங்குகளை மந்தைக்கு மந்தை மாற்றிவிட வேண்டும். யெல்லோஸ்டோனிலிருந்து அதுவும் எளிதல்ல. முன்பு மாடுகளிடமிருந்து தொற்றிய, சினைக் கன்று கலையச் செய்யும் புரூசெல்லோசிஸ் நோயைக் காட்டி, இன்று அங்குள்ள காட்டெருமைகளையே பூங்கா எல்லையைத் தாண்டி வெகுதூரம் போகவிடாமல் தடுக்கிறார்கள்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, பண்ணைக் கணக்கையும் காட்டுக் கணக்கையும் தயவுசெய்து பிரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராப்பிட் சிட்டி, தெற்கு டகோட்டா