வெள்ளிக்கிழமை ஜெபக் கூடுகை: கோபம் வரும்போது

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்ங்க.

2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது திருப்பூரில் நம் பனியன் கம்பெனிக் குடும்பங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். வேலை குறைந்தது, சனிக்கிழமைச் சம்பளம் குறைந்தது, வீட்டில் சத்தம் கூடிப்போனது. யார் மேலோ உள்ள கோபம் பிள்ளைகள் தலையில் விடிந்தது.

அதனால் இந்த வெள்ளி இரவு 7 மணிக்கு 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தைத் தியானிப்போம். நாபால் என்ற பணக்காரனின் ஆடுகளுக்குக் காவலாக நின்ற தாவீதுக்குக் கிடைத்தது ஏச்சுதான். உடனே 400 பேரோடு பட்டயம் கட்டிக் கிளம்பிவிட்டார். நியாயம் அவர் பக்கம்தான். நம்மில் பலரும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட நியாயமான கோபத்தைத்தானே! நாபாலின் மனைவி அபிகாயில் 200 அப்பங்களை ஏற்றிக்கொண்டு எதிரே வந்தாள். பழிவாங்கும் வேலையைக் கர்த்தரிடம் விடச் சொன்னாள். தாவீது நின்று கேட்டார். ஏறக்குறைய பத்து நாளில் நாபால் இறந்தான், தாவீது கை வைக்காமலே.

யாரோடாவது பேச்சு இல்லாமல் இருந்தால் வெள்ளிக்கு முன்பே ஒரு போன் போட்டுவிடுங்க. அப்புறம், நைட் ஷிப்ட் போகிறவர்கள் ஜெபக் குறிப்பை இங்கேயே பதிவிடலாம்.