தரம் 10இன் புள்ளிகளும் அமெரிக்க விண்ணப்பமும்: ஒரு மாணவிக்குக் கடிதம்

அன்பின் பிள்ளைக்கு,

உமது கடிதமும் அதனுடன் அனுப்பியிருந்த தேர்ச்சி அறிக்கைப் பக்கங்களின் படங்களும் கிடைத்தன. பெயரைச் சொல்லாமல் பதிலைப் பொதுவில் எழுதலாம் என்று நீர் சம்மதித்தது நல்லதாயிற்று; கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வேறு பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். தரம் 10இல் கணிதத்துக்கு 38, 2022 மே மாதம் நடந்த சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு சி (திறமைச் சித்தி), ஆங்கிலத்துக்கும் வரலாற்றுக்கும் எஸ் (சாதாரண சித்தி), உயர்தரத்தில் இரண்டு ஏயும் ஒரு பீயும், அமெரிக்கக் கல்லூரி அனுமதிக்கான எஸ்.ஏ.ரி. பரீட்சையை முதல் முறை எழுதியதில் 1600க்கு 1190. இவற்றை வைத்துக்கொண்டு, நூறு விண்ணப்பங்களில் பத்தைக்கூட ஏற்காத அமெரிக்கக் கல்லூரிகளின் கதவைத் தட்டலாமா என்பது உமது கேள்வி.

தட்டலாம். ஆனால் அந்த 38ஐ எப்படி மறைப்பது என்ற யோசனையை முதலில் விட்டுவிடும்.

நமது நாட்டின் பல்கலைக்கழக அனுமதி, உயர்தரப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளி ஒன்றையே பார்க்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பிரிக்கப்படுகின்றன. திருகோணமலையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இந்த முறையில் சாதாரண தரம் ஒரு படலை மட்டுமே; கடந்துவிட்டால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, தரம் 10இன் தவணைப் பரீட்சையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் அப்படியல்ல. அவை தரம் 9 முதல் பாடசாலை முடியும் வரையுள்ள பதிவு முழுவதையும் கேட்கின்றன, அதோடு அந்தப் பதிவு எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்றும் பார்க்கின்றன. சாதாரண தரக் கணிதத்தில் சி எடுத்த பிள்ளை உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு ஏ எடுத்திருக்கிறது என்றால், தொடக்கம் முதல் ஏயாகவே அடுக்கப்பட்ட பதிவில் காண முடியாத ஒன்றை அது சொல்கிறது. சி இருந்தால்தான் அந்த ஏயின் தூரம் தெரியும்.

இனி அந்த 38. நீர் அனுப்பிய பக்கத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு மையில் 38 என்று இருக்கிறது. அதே வரியில், இரண்டு கட்டம் தள்ளி, வகுப்புச் சராசரி 31 என்றும் அதிகூடிய புள்ளி 64 என்றும் உமது வகுப்பாசிரியை எழுதியிருக்கிறார். நீர் அனுப்பக் கூச்சப்பட்ட அந்தத் தாளே உமக்காகச் சாட்சி சொல்கிறது. விண்ணப்பத்தை வாசிக்கும் அலுவலருக்கு 38 என்ற எண்ணை மட்டும் கொடுத்தால், 60க்குக் கீழே எல்லாமே தோல்வி என்ற தமது நாட்டு அளவுகோலை வைத்து அதை அளந்துவிடுவார். சராசரியையும், 75க்கு மேலே ஏ என்ற நமது அளவையும் சேர்த்துக் கொடுத்தால் வேறுவிதமாகப் படிப்பார். ஆகவே புள்ளிகளை, நான்கை உச்சமாகக் கொண்ட அமெரிக்கச் சராசரியாக (ஜி.பி.ஏ.) மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான கொமன் ஆப் படிவத்தில் அந்தச் சராசரி உமது பாடசாலையில் இல்லை என்று குறிப்பிட இடம் இருக்கிறது, அப்படியே குறிப்பிடும். தவணைப் புள்ளிகள் உள்ளபடியே, பாடசாலை முத்திரையுடன், ஆங்கில மொழிபெயர்ப்போடு போகட்டும். பொதுப் பரீட்சைப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களமே ஆங்கிலத்தில் தருகிறது.

இந்தச் சூழலை நீரே சொல்வதைவிட உமது அதிபர் சொல்வது பலமானது. அமெரிக்கப் பாடசாலைகளில் மாணவரைப் பற்றிய பாடசாலைப் படிவத்தை நிரப்புவதற்கென்று ஆலோசகர் ஒருவர் இருப்பார். நம்மிடம் இல்லை, அந்தப் படிவத்தை அதிபரோ பிரதி அதிபரோ நிரப்பலாம். அவர்களுக்கு இது புதிய வேலை, எனவே வெறும் கையோடு போய்க் கேட்காதேயும். பாடசாலையைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பை நீரே தயாரித்துக்கொண்டு போம்: எத்தனை மாணவர்கள், எந்த மொழிமூலம், உயர்தரத்தில் என்னென்ன பிரிவுகள், பௌதிக விஞ்ஞானப் பிரிவில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழகம் சென்றார்கள். அதிபர் திருத்திக் கையெழுத்திடுவார். ஒரு வகுப்பில் இரண்டே பேர் ஏ எடுத்தார்கள் என்ற செய்தி, நீர் எழுதும் எந்தக் கட்டுரையையும்விட அதிகம் பேசும்.

உமக்கென்று உள்ள இடம் சிறியது. 2025-26 விண்ணப்பப் பருவத்திலிருந்து கொமன் ஆப்பில் இடர்களையும் சூழ்நிலைகளையும் விளக்க 250 சொற்கள் தரப்படுகின்றன. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதையும், 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டும் மண்ணெண்ணெய் வரிசையுமாக இருந்த மாதங்களில் சாதாரண தரம் எழுதியதையும் இரண்டு வசனங்களில் முடித்துவிடும். பெருந்தொற்று உலகம் முழுவதற்கும் பொதுவானது, அதை மட்டும் சொல்பவர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். உமக்கு மட்டும் உரியது, வீட்டில் இருந்த ஒரே கைபேசி அப்பாவோடு கடலுக்குப் போனது, அவர் கரை திரும்பிய பிறகு வாட்ஸ்அப்பில் வந்து கிடந்த பாடக் குறிப்புகளை இரவில் கொப்பியில் பார்த்தெழுதியது. அதை எழுதும். அதற்குப் பிறகு என்ன செய்தீர் என்பதையும் எழுதும். இரக்கம் கேட்கும் தொனி ஒரு வசனத்திலும் வரக்கூடாது. 650 சொற்களுக்கு உட்பட்ட பிரதான கட்டுரையில் புள்ளிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது நீர் எப்படிச் சிந்திக்கிறீர் என்று காட்டுவதற்கான இடம்.

எஸ்.ஏ.ரி. விடயத்தில் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. எம்.ஐ.ரி. 2022இலும், டார்ட்மத், யேல், பிரவுண், ஹார்வர்ட் ஆகியவை 2024இலும் பரீட்சைப் புள்ளியை மீண்டும் கட்டாயமாக்கின; யேல் எஸ்.ஏ.ரி.க்குப் பதிலாக வேறு சில பரீட்சைகளையும் ஏற்கிறது. வசதி குறைந்த மாணவர்கள் தமக்கு உதவியிருக்கக்கூடிய புள்ளிகளைக் குறைவென்று நினைத்து அனுப்பாமல் விட்டார்கள் என்பது டார்ட்மத் அப்போது சொன்ன காரணங்களுள் ஒன்று. ஆனால் அங்கே பேசப்பட்டவை 1400ஐ அண்டிய புள்ளிகள். 1190க்கு அந்த ஆறுதலை நீட்டிக்க நான் தயாரில்லை. உமது 1190இல் கணிதம் 680, வாசிப்பும் எழுத்தும் 510. பல கல்லூரிகள் வெவ்வேறு அமர்வுகளின் சிறந்த பகுதிப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்ப்பதால், அடுத்த முறை வாசிப்புப் பகுதிக்கு மட்டும் உழைத்தால் போதும். கொழும்பு நிலையங்களில் இடம் நிரம்புமுன் பதிவு செய்யும். இரவு பஸ்ஸில் போய் நேரே பரீட்சை மண்டபத்தில் இறங்காமல், முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்கும். மீண்டும் எழுதியும் உயரவில்லையென்றால், புள்ளி விருப்பத்துக்குரியதாக உள்ள கல்லூரிகளுக்கு அதை அனுப்ப வேண்டாம். ஆங்கிலத்தில் எஸ் எடுத்த பிள்ளைக்கு ரோஃபல் அல்லது டுவோலிங்கோ ஆங்கிலப் பரீட்சையில் நல்ல பெறுபேறு அதைவிட அவசியம்.

கல்லூரிகளைத் தெரிவு செய்யும்போது தரவரிசையை ஒதுக்கிவிட்டுப் பணத்திலிருந்து தொடங்கும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளும்: அது எஸ்.ஏ.ரி.யைப் பார்ப்பதே இல்லை, தரம் 9இன் புள்ளிகளைச் சராசரியில் சேர்ப்பதும் இல்லை. உமக்காகவே செய்தது போலத் தோன்றும், ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தேவை அடிப்படையிலான உதவி அங்கே கிடையாது. மேயின் மாநிலத்தில் உள்ள போடின் கல்லூரியோ 1969 முதல் பரீட்சைப் புள்ளியை மாணவரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது; 2022 முதல் வெளிநாட்டு விண்ணப்பதாரியின் பணத்தேவையைப் பார்க்காமலே அனுமதியைத் தீர்மானித்து, தேவை முழுவதையும் ஈடுசெய்கிறது. போட்டி கடுமைதான், ஆனால் உமது நிலைமைக்குப் பொருந்தும் கதவு அது. ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிடும் பொதுத் தரவுத் தொகுப்பில் சி7 என்ற பகுதி, பரீட்சைப் புள்ளிக்கும் பாடசாலைப் பதிவுக்கும் எவ்வளவு மதிப்பு என்று சொல்லும். எச்6 என்ற பகுதி, வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு உதவி வழங்கினார்கள் என்று சொல்லும். நகரத்தில் பதாகை கட்டியிருக்கும் முகவர்கள் இந்தப் பகுதிகளைக் காட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் இயங்கும் எஜுகேஷன் யூ.எஸ்.ஏ. நிலையத்தை அணுகினால் சரியான தகவல் கிடைக்கும்.

உதவி கேட்கும் படிவங்களுக்கு அப்பாவின் வருமானத்தைக் காட்ட வேண்டும். கடல் வருமானத்துக்குச் சம்பளப் பட்டியல் ஏது? கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு பெற்று, எந்த மாதங்களில் தொழில் இல்லை என்பதை விளக்கும் கடிதம் ஒன்றையும் இணைத்துவிடும். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கைக் கல்லூரிகளிடமே மின்னஞ்சலில் கேட்கலாம். பல கல்லூரிகள் தருகின்றன.

இவ்வளவுக்கும் நடுவில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தைத் தவறவிடாதேயும். இரண்டு ஏயும் ஒரு பீயும் எடுத்த பிள்ளைக்கு இங்கேயே நல்ல இடம் கிடைக்கக்கூடும். அதைக் கைவிட்டுவிட்டு அமெரிக்கப் பதிலுக்காகக் காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளும்: இங்கே பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டால், பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் உம்மை இடமாற்றம் கோரும் மாணவியாகவே கணக்கிடும், அவர்களுக்கான உதவியும் குறைவு. பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை நம் நாட்டில் பிள்ளைகள் காத்திருக்கும் அந்த நீண்ட இடைவெளியை, இந்த ஒருமுறையாவது, நமக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம்.

பாடசாலை விடுமுறை தொடங்குமுன் அதிபரைச் சந்தித்துவிடும். பாடசாலைக் குறிப்பின் முதல் வரைவையும் 250 சொல் விளக்கத்தையும் எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன். பிரதான கட்டுரையை மட்டும் நான் தொடமாட்டேன்.

இங்ஙனம்,
உமது பழைய ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.