எந்த டேப்லெட் என்று கேட்டுப் பேனா கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரணைமடுக் குளக்கட்டில் கொக்கு வரைந்துகொண்டிருந்த என் மகள், தன் சாம்சங் டேப்லெட்டான கேலக்சி டேப் எஸ்6 லைட்டின் பேனாவை அலைகரையில் தவறவிட்டாள். கிளிநொச்சிக் கடையொன்றில் "எல்லாத்துக்கும் சரிவரும்" என்று ரப்பர் முனைப் பேனா தந்தார்கள். கோடு விழுந்தது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிப்பு. உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கீறல். பிள்ளை அழுதேவிட்டாள்.

அப்புறம்தான் விளங்கியது. இதற்குரிய எஸ் பேனாவுக்குள் பற்றரியே இல்லை. திரைக்கு அடியிலுள்ள மின்காந்தத் தகடுதான் அதற்குச் சக்தி கொடுத்து, அழுத்தத்தையும் அறிகிறது. ஆப்பிள் பென்சில் இதில் வேலை செய்யாது. (ஆப்பிளின் டேப்லெட்டான ஐபேட் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: 2023இல் வந்த யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் அழுத்தத்தை அறியாது.)

கடைக்காரர்கள் தயவுசெய்து டேப்லெட்டின் மாதிரியைக் கேட்டபிறகே பேனாவை எடுத்துக் கொடுங்கள். சரியானதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க எங்களுக்கு ஒரு கிழமை போனது.

ஒரு தாய்,
கிளிநொச்சி.