ஆம்புலன்ஸும் ஹெலிகாப்டரும்

ஆசிரியருக்கு,

சிறப்பு அதிரடி நடவடிக்கைகள் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை, வெற்றிக்குத் துணிச்சலே காரணம் என்கிறது. துணிச்சலுக்கு எங்கே பஞ்சம்? 1980 ஏப்ரலில், ஈரானில் சிறைப்பட்ட தூதரகத்தினரை மீட்க அமெரிக்கா அனுப்பிய ஹெலிகாப்டர்கள் 8. குறைந்தது 6 வேண்டும் என்பது திட்டம். புழுதியிலும் பழுதிலும் 3 கழன்றுகொள்ள, வேலையைக் கைவிட்டார்கள். திரும்பும் நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர் விமானத்தில் மோதி 8 பேர் இறந்தார்கள். வெவ்வேறு படைப்பிரிவுகள் சேர்ந்து முழு ஒத்திகைகூடப் பார்த்திருக்கவில்லை.

சத்தியமங்கலத்துக்காரனுக்கு வீரப்பன் வேட்டைதான் நினைவுக்கு வரும். அது போலீஸ் வேலை, ராணுவம் இல்லை, சரி. வருடக்கணக்கில் காட்டைச் சலித்தார்கள். பஸ்ஸை நிறுத்தி எங்கள் சோத்துப் போசியைக்கூடத் திறந்து பார்த்தார்கள். (காட்டோர மக்கள் போலீஸிடம் பட்ட பாடு தனிக்கதை, மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்ததே!) 1993-ல் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் போனதுதான் மிச்சம். அப்புறம்தான் ஆளை வெளியே வரவைக்க யோசித்தார்கள். உள்ளே தங்கள் ஆட்களை நுழைத்து, கண் சிகிச்சை என்று நம்பவைத்து, போலீஸ்காரரே ஓட்டிய ஆம்புலன்ஸில் ஏற்றி, 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே முடித்ததாகப் போலீஸ் தரப்பு சொல்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

அடுத்த கட்டுரையில் துப்பாக்கி ரகங்களைக் குறைத்துக்கொண்டு, உளவு வேலையைப் பற்றி இரண்டு பத்தி எழுதச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், சத்தியமங்கலம்