நெற்றி முழங்காலைத் தொட வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யோகாசனம் புதிதாகத் தொடங்குவோருக்காகத் தாங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் பச்சிமோத்தாசனத்தையும் (கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது) சர்வாங்காசனத்தையும் (தோளில் நின்று உடலை மேலே தூக்குவது) முதல் வாரத்திலேயே செய்யச் சொல்லிப் படம் போட்டிருப்பதால், சிலவற்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பச்சிமோத்தாசனப் படத்தில் நெற்றி முழங்காலைத் தொடுகிறது. அதைப் பார்த்துச் செய்பவர் கால்விரலை எட்டிப் பிடித்து இழுப்பார். முதுகு வில்லாக வளையும். உண்மையில் குனிய வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. தொடையின் பின்தசைகள் இடுப்பெலும்பின் அடியில், நாம் உட்காரும் எலும்பிலிருந்து தொடங்குகின்றன. அவை இறுகியிருந்தால் இடுப்பெலும்பு முன்னால் சாயாது. மிச்சக் குனிவு முழுவதும் கீழ்முதுகின் மேல் விழுகிறது. மறுநாள் முதுகு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். போர்வையை நான்கு விரல் உயரத்துக்கு மடித்து அதன்மேல் உட்காருங்கள். முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு, தலையைக் கொண்டுபோவதை விட்டுவிட்டுத் தொப்புளைத் தொடைப் பக்கம் கொண்டுபோங்கள். கை கணுக்காலோடு நின்றால் நிற்கட்டும். முதுகெலும்பில் வட்டு (டிஸ்க்) விலகல் உள்ளவர்கள் இந்த ஆசனத்தைத் தொடவே வேண்டாம்.

இரு பாதங்களையும் எதிர்த் தொடைகளின் மேல் வைத்து உட்காரும் பத்மாசனத்திலும் இதே கதைதான். தொடை, இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்புறம் திரும்ப வேண்டும். அது திரும்பாதபோது கணுக்காலைக் கையால் இழுத்து மேலே வைத்தால் முழங்கால் முறுக்கப்படும். முழங்கால் நீட்டி மடக்குவதற்கான மூட்டு, முறுக்குவதற்கானது அல்ல. அங்கே சுருக்கென்று வலித்தால் உடனே காலை இறக்கிவிட்டுச் சுகாசனத்தில், அதாவது சாதாரணமாகச் சம்மணம் போட்டு, உட்காரலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

சர்வாங்காசனத்தில் எடை தோளில் நிற்க வேண்டும். புதியவர்களுக்கு அது கழுத்துக்குப் போய்விடும். உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது கூடாது. மற்றவர்களும் தொடக்கத்தில் இடுப்பைத் தரையில் வைத்துக் கால்களைச் சுவரில் சாய்த்துப் படுத்தால் போதும்.

தாடாசனம் (நேராக நிற்பது), விருட்சாசனம் (ஒற்றைக் காலில் நிற்பது), புஜங்காசனம் (குப்புறப் படுத்து மார்பை உயர்த்துவது), கடைசியில் ஐந்து நிமிடம் சவாசனம் (மல்லாந்து தளர்வாகப் படுப்பது). தொடக்கத்துக்கு இவை தாராளம். முதல் மூன்றில் ஒவ்வொன்றிலும் நிதானமாக ஐந்து மூச்சு. முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று, நான்கு மணி நேரம் போகட்டும். விருட்சாசனத்தில் பாதத்தை முழங்காலின் பக்கவாட்டில் அழுத்தாமல் அதற்கு மேலோ கீழோ வைக்க வேண்டும். புஜங்காசனத்துக்கு ஒரு எளிய சோதனை: மேலே எழும்பியபின் உள்ளங்கைகளைத் தரையிலிருந்து ஒரு நொடி எடுத்துப் பாருங்கள். எவ்வளவு உயரம் மிஞ்சுகிறதோ அதுதான் முதுகுத் தசையின் பலம். மற்றது கை தள்ளியது.

மூச்சுப் பயிற்சி பற்றியும் ஒரு சொல். மூச்சை இழுக்க 16, அடக்க 64, விட 32 மாத்திரை (கால அளவு) என்று திருமந்திரம் கூறும் அளவைத் தொடக்கப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பழகாதவர் அவ்வளவு நேரம் மூச்சை அடக்கினால் படபடப்பும் தலைச்சுற்றலும்தான் மிஞ்சும். அடக்காமல், மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை விட்டாலே போதும். அடுத்த மூச்சை அவசரமாக இழுக்கத் தோன்றினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த முறை ஆசனப் படம் வெளியிடும்போது, போர்வை மேல் உட்கார்ந்து முழங்கால் மடக்கிக் குனிபவரின் படத்தையும் பக்கத்திலேயே போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்