வடிகாலைக் குளத்தோடு சேருங்கள்: எங்கள் நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் பொறியாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் தெருவுக்கு இரண்டு பேர் வந்து, சுவரோரமாக மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். என்ன கோடு என்று கேட்டேன். "வடிகால் ரெண்டாம் கட்டம்மா, மழைக்கு முன்னாடி முடிச்சாகணும்" என்றார்கள். முதல் கட்டத்தில் கட்டிய வடிகால் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன ஐப்பசியில் நீங்களே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து பார்த்தீர்கள். அதனால் பழைய கதையை விட்டுவிடுகிறேன். கேட்பது ஒன்றுதான்: இந்த முறை கான்கிரீட் கொட்டுவதற்கு முன் வடிகாலைக் குளத்தோடு சேருங்கள்.

என் வீட்டு வாசலிலிருந்து குளத்தங்கரை 200 அடிதான். வடிகாலோ குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் ஓடி, பைபாஸ் சிறுபாலத்துக்கு அடியில் போய்க் கால்வாயில் சேர்கிறது. மழை வலுத்தால் கால்வாயில் மட்டம் ஏறிவிடும். அப்புறம் எங்கள் தண்ணீர் வந்த வழியே எங்களிடம் திரும்பிவிடும். கூடவே பக்கத்துத் தெருத் தண்ணீரையும் அழைத்துக்கொண்டு.

வீட்டுக்குள் தண்ணீர் வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டிலுக்குச் செங்கல் வைப்போம், பிரிட்ஜை மேசைமேல் ஏற்றுவோம், பழகிவிட்டது. பொறுக்க முடியாதது சம்ப். முன்வாசலில் தரைக்கு அடியில் 6,000 லிட்டர் தொட்டி. மூடியைச் சுற்றி சிமென்ட் பூசினோம், மேலே பிளாஸ்டிக் விரித்து மணல் மூட்டை அடுக்கினோம். போன ஐப்பசியில் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது, மூட்டைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த காற்று வெளியே வருகிறது என்றால், வெளியே இருந்தது உள்ளே போகிறது என்று அர்த்தம். வெளியே இருந்தது வெறும் மழைத்தண்ணீர் இல்லை, சாக்கடை.

மறுநாள் காலை முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பல் துலக்கத் தண்ணீர் இல்லாமல், தண்ணீர் லாரிக்குப் போன் போட்டேன். "தெருவுல தண்ணி நிக்குதேம்மா, வண்டி எப்படி வரும்?" என்றார் லாரிக்காரர். நியாயமான கேள்வி. நான்கு நாள் மாமியாருக்குக் கேன் தண்ணீரில்தான் உடம்பு துடைத்துவிட்டேன். தண்ணீர் வடிந்தபிறகு சம்பை இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ மேலும் இரண்டு நாள். நடுவில் என் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது." யார் தீர்த்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் நன்றி சொல்லலாம்.

அதே மழையில் குளத்தில் எவ்வளவு தண்ணீர் தெரியுமா? கணுக்கால் அளவு. வானத்திலிருந்து நேராக விழுந்தது மட்டும்தான். குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று சுற்றிலும் நடைபாதை போட்டீர்கள், விளக்கு நட்டீர்கள், பெரிய எழுத்தில் 'ஐ லவ்' போட்டு ஊர்ப்பெயரும் வைத்தீர்கள். அந்த நடைபாதைச் சுவர் வடகிழக்கு மூலையில், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எல்லாம் இருக்கிறது, குளத்துக்குள் வர தண்ணீருக்குத்தான் வழியில்லை. மே மாதம் அந்த எழுத்துகளுக்கு முன்னால் நின்று செல்பி எடுப்பவர்களுக்குப் பின்னால் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் தெரு 250 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். 5 சென்டிமீட்டர் மழைக்கு, மொட்டைமாடிகளை விட்டுவிட்டுத் தெருவில் விழுவது மட்டுமே ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் எட்டு நடைக்கு மேல். இதைத்தான் ஐப்பசியில் கால்வாய்க்குத் தள்ளிவிட்டு, சித்திரையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வடிகாலின் அடியையும் முழுக்க சிமென்ட்டால் மூட வேண்டாம். எங்கள் பக்கம் மேலே நாலடி களிமண், அதற்குக் கீழே மணல். மாமனார் 1988-ல் கிணறு வெட்டியபோது பார்த்தது. ஆகவே இரண்டடிக் குழி தோண்டி ஜல்லி கொட்டினால் வேலைக்கு ஆகாது. களியைத் தாண்டி மணல்வரை சிமென்ட் வளையமான உறை இறக்க வேண்டும். வடிகாலுக்குள் 30 மீட்டருக்கு ஓர் உறைகிணறு இருந்தால் சின்ன மழை அங்கேயே இறங்கிவிடும், பெருமழையின் மிச்சம் மட்டும் குளத்துக்குப் போகும். குளத்தில் விழும் முன் வண்டல் தங்க ஒரு தொட்டி. குளம் நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடப் பழைய கலங்கல் இருக்கிறது, அதன் வழியே கால்வாய்க்குப் போகட்டும். ஏரி, குளம், வரத்துக்கால், கலங்கல் என்று நம் ஊர்களில் எப்போதும் இருந்த ஏற்பாடுதான் இது. இதற்கு இப்போது, தண்ணீரை உறிஞ்சும் பஞ்சு என்ற பொருளில் 'ஸ்பாஞ்ச்' என்று பெயர் வைத்து, சென்னையில் பூங்காக்களுக்குள் குட்டை வெட்டுகிறார்கள். பெயர் எதுவானால் என்ன, தண்ணீர் இறங்கினால் சரி.

"வடிகாலில் சாக்கடை கலக்கிறது, எப்படிக் குளத்தில் விட முடியும்?" என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். கேள்வி சரி. எங்கள் தெருவிலேயே பதினோரு வீட்டுக் குழாய்கள் ராத்திரியோடு ராத்திரியாக வடிகாலில் சொருகப்பட்டிருக்கின்றன. அடைத்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் எனக்குக் கெட்ட பெயர் வந்தாலும் பரவாயில்லை, என் கையெழுத்தோடு பட்டியல் தருகிறேன்.

சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்து மக்கள், மணல் பூமியில் சிமென்ட் வடிகால் வேண்டாம், மழையை மணலே குடித்துக்கொள்ளும் என்று பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். எங்களுக்கு அவ்வளவு தெம்பில்லை, மடல்தான் எழுத முடிகிறது. அதே சென்னை 2015 டிசம்பரில் மூழ்கியது, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்தது. இரண்டுக்கும் நடுவே நாலு வருஷம்கூட இல்லை. மாம்பலம் ஏரியைத் தூர்த்து தி.நகரைக் கட்டிவிட்டு, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயரை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். நம் குளத்துக்கு 'ஐ லவ்' பலகை மிஞ்சும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே உத்தரவிட்டார். இங்கே சுரண்டியதாகத் தெரியவில்லை. மாமனார் வீடு கட்டியபோது வாசலுக்கு நான்கு படி ஏற வேண்டும், இப்போது ஒரு படி இறங்குகிறோம். தூர்வாரிய வண்டலை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவார்கள், அடுத்த மழை அதைப் பத்திரமாக உள்ளே சேர்த்துவிடும். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று 2003-ல் கெடு வைத்துக் கட்டாயமாக்கினார்கள். நாங்கள் செய்தோம். தெருவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதா?

கோபத்தில் ஏதாவது கூடிவிட்டிருந்தால் மன்னிக்கவும். உங்கள் பொறியாளர்கள் மழையில் தூங்காமல் மோட்டார் வைத்து இறைத்ததையும் பார்த்தவள்தான் நான். அந்த மோட்டாருக்கு வேலை இல்லாமல் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். வடிகாலைக் குளத்தோடு சேருங்கள், ஐயா.

வரும் திங்கள்கிழமை ஜேசிபி வருமென்று கோடு போட்டவர்கள் சொன்னார்கள். அதற்குள் ஒருமுறை பொறியாளரை அனுப்பிவையுங்கள். பழைய வரத்துக்கால் எந்த இடத்தில் குளத்துக்குள் இறங்கியது என்று எதிர்வீட்டுத் தாத்தாவுக்குத் தெரியும், காட்டுகிறேன் என்கிறார். பத்து மணிக்கு மேல் அவரால் வெயிலில் நிற்க முடியாது. கொஞ்சம் காலையிலேயே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குளத்தங்கரைத் தெருவில் குடியிருப்பவள்