பனிக்கால வண்டி வாங்குபவர்கள் முதலில் குனிந்து பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனி கொட்டும் மாதங்களை ஓட்டித் தள்ள மலிவாக ஒரு பழைய காரை வாங்கிப் போடுங்கள், நல்ல காரைப் போர்த்தி வைத்துவிடுங்கள் என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. யோசனையில் எனக்குச் சண்டை இல்லை, மூன்று குளிர்காலமாக நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் எப்படிப்பட்ட காரை வாங்குவது என்ற இடம் வந்ததும், என்ஜின் நன்றாக இருந்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி முடித்துவிட்டார்கள். இதே நினைப்பில்தான் நானும் முதல் வருடம் மாட்டிக்கொண்டேன்.

அந்த வண்டியின் என்ஜினைக் குறை சொல்லவே முடியாது. சத்தமில்லாமல் ஓடியது. விற்றவர் அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கருப்புப் பூச்சு வேறு அடித்து வைத்திருந்தார், துருப் பிடிக்காமல் இருக்க என்றார், எனக்கும் சந்தோஷம். துரு வருவதற்கு முன் அடிப்பது ஒன்று, வந்த துருவின் மேல் அடிப்பது வேறு என்று அப்போது யார் கண்டது. வாங்கி ஆறு வாரம் இருக்கும், ஒரு சிக்னலில் பிரேக்கை மிதித்தேன், பெடல் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிப் பஞ்சுக்குள் போவது மாதிரி மெல்ல மெல்லத் தரை வரைக்கும் போய்விட்டது. கார்களில் பிரேக்குக்கு இரண்டு தனித்தனிச் சுற்றுகள் இருக்கும், ஒன்று போனாலும் மற்றது இரண்டு சக்கரத்தையாவது பிடிக்கும். அந்தப் புண்ணியத்தில் முன்னால் நின்ற வண்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைப் பனி மேல் பிரேக் ஆயில் சொட்டுச் சொட்டாக மஞ்சள் கறை போட்டுக்கொண்டிருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கியதும் கூட வந்திருந்த மச்சான் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தக் கருப்புப் பூச்சை அங்கங்கே குத்தினார். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சட்டத்தில் குத்தியபோது தடையே இல்லாமல் பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தால் காய்ந்த சருகு மாதிரி துரு கொத்தாக உதிர்ந்தது. என்ஜின் அப்போதும் சத்தமில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது!

சாலையில் போடுகிற உப்பு செய்கிற வேலை இது. உப்பு கலந்தால் தண்ணீர் உறையும் வெப்பநிலை இறங்கும், அதனால் பனிக்கட்டி கரைகிறது, அதுவரைக்கும் நமக்கு லாபம். அந்த உப்புத் தண்ணீரே காரின் அடியில் மடிப்பு மடிப்பாகப் போய்த் தங்கி இரும்பைத் தின்கிறது. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: கடுங்குளிரில் துரு மெதுவாகத்தான் வளரும், சூடு கூடினால்தான் வேகம் பிடிக்கும். ஆக, உப்போடு வந்த வண்டியைக் கழுவாமல் சூடான கராஜுக்குள் பத்திரமாக நிறுத்துகிறவர், வெளியே நிறுத்துகிறவரைவிடச் சீக்கிரம் துருப் பிடிக்க வைக்கிறார். நானும் அப்படிப் பத்திரமாக நிறுத்தியவன்தான்.

அதனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கீழே ஒரு விரிப்பைப் போட்டுப் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் குழாய்கள், சஸ்பென்ஷன் வந்து மாட்டுகிற இடங்கள், கதவுக்குக் கீழுள்ள சட்டம், சைலன்சர் குழாய். மேல் துரு அசிங்கம், அவ்வளவுதான். சட்டத்தில் துரு இருந்தால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். புதிதாகக் கருப்பு அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். சக்கர வளைவுகளில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் உள்ளே தகடு போய், ஓட்டையை அடைக்கிற பட்டிப் பசைதான் இருக்கிறது. சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தால் சத்தம் மட்டும்தான் தொல்லை என்று விட்டுவிடாதீர்கள், குளிருக்குக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு ஓட்டுகிறோம், ஓட்டை வழியாக உள்ளே வரக்கூடிய விஷவாயுவான கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

அடுத்தது ஹீட்டர். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பனிக்கால வண்டியைப் பற்றி எழுதிவிட்டு ஹீட்டரை எப்படி விட்டார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஹீட்டர் வேலை செய்யாத காரில் நமக்குக் குளிர்வது இருக்கட்டும், முன் கண்ணாடியில் படிகிற ஆவி போகாது, வழி தெரியாது. என்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டுக் காற்றுத் துளையில் கையை வையுங்கள். வெதுவெதுப்போடு நின்றால் என்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்ட் குறைந்திருக்கலாம், அதன் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கலாம், அதெல்லாம் சின்ன வேலை. ஆனால் உள்ளே ஒரு தித்திப்பு வாடை அடித்து, கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுவென்று படலம் கட்டி, பக்கத்து சீட்டின் கால் விரிப்பும் ஈரமாக இருந்தால் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் கோர், அதாவது சூடான கூலன்ட் ஓடி உள்ளே வரும் காற்றைச் சூடாக்குகிற பாகம், ஒழுகுகிறது என்று அர்த்தம். பல கார்களில் அதை மாற்ற டாஷ்போர்டையே கழற்ற வேண்டும், கூலி வண்டி விலையைத் தொட்டுவிடும்.

இன்னொன்று, விற்பவரிடம் நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மனிதர் எதையோ மறைக்கிறார், நான் பெரும்பாலும் அங்கேயே திரும்பிவிடுவேன். குளிரில் கிளம்புகிறதா என்பதுதான் இந்த வண்டிக்கு வைக்கிற பரீட்சையே. மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும், ஆயிலும் கெட்டியாகி என்ஜினைச் சுற்றவே அதிக பலம் கேட்கும். பேட்டரி மேல் சிசிஏ (CCA) என்று போட்டிருக்கும் எண், குளிரில் என்ஜினைச் சுற்ற அது எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பது, அந்த மைனஸ் 18 டிகிரியில் அளந்ததுதான். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பேட்டரி பழசு என்பதற்காக நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம்.

டயருக்கும் அதே கணக்குதான். நல்ல குளிர்கால டயர் போட்ட ஓட்டை வண்டி, தேய்ந்த கோடை டயர் போட்ட புது வண்டியைவிடப் பனியில் ஒழுங்காக நிற்கும், ஏனென்றால் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடுகிறது. மூன்று முகடுள்ள மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள், 3419 என்றால் 2019ஆம் ஆண்டின் 34ஆவது வாரம் செய்தது. நாலு சக்கரத்துக்கும் போட வேண்டும். காசு மிச்சம் என்று முன்னால் மட்டும் இரண்டு போட்டால் வளைவில் பின்பக்கம் தனியாகப் புறப்பட்டுவிடும்.

அப்புறம், பழைய வண்டி என்றால் சேஸிஸ் நம்பரை வைத்து அதன் மேல் ஏதாவது ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனி விடுத்த அழைப்பு, பாக்கி இருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள். தகாட்டா என்ற கம்பெனி செய்த குறையுள்ள ஏர்பேக் மாற்றப்படாத கார்கள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன, அது வெடித்தால் உலோகத் துண்டு முகத்தில் பாயும், மாற்றித் தருவதற்குக் கார் கம்பெனி காசு வாங்குவதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்த முதல் வண்டி எடைக்குத்தான் போனது, ஸ்க்ரூ டிரைவர் போட்ட ஓட்டையோடு. அடுத்து வாங்கியது பார்க்கச் சகிக்காது, ஒரு கதவு வேறு நிறம், ஆனால் இரண்டு குளிர்காலம் முழுக்க ஒரு காலையில்கூடக் கிளம்ப மறுக்கவில்லை. போன வாரம் கியர் பாக்ஸ் படுத்துவிட்டது. சனிக்கிழமை வேறொன்று பார்க்கப் போகிறோம், மச்சான் விரிப்பையும் டார்ச்சையும் இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்